கடனும் பங்கும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுவதே முறை. யாமும் கல்வியைப் பற்றியே பேச வந்துள்ளோம். ஆயினும் அது பள்ளிப் பாடத்தில் இடம்பெறாத கல்வி. பணம் எங்கிருந்து புறப்படுகிறது, யார் கைவழியே யாரிடம் சேருகிறது, சேர்ந்தபின் யாரை உடைமையாளராக்குகிறது என்னும் கல்வி. அண்ணல் அம்பேத்கரைச் சட்ட மேதையாகப் போற்றும் நாம், அவர் 1923இல் இலண்டனில் வெளியிட்ட நூல் ரூபாயின் சிக்கலைப் பற்றியது என்பதை நினைவிற் கொள்வதில்லை. பணவியலை அவர் அயலார் வீட்டுச் செய்தியாக எண்ணவில்லை. நாம்தாம் எண்ணிவிட்டோம்.

நம் விருத்தாசலத்தையே எடுத்துக்கொள்வோம். செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் நிறுவனமும் இருக்கிறது. கொலு பொம்மையும் அகல் விளக்கும் மின் ஃபியூஸ் கேரியரும் இங்கிருந்து வெளியூர் செல்கின்றன. கரைத்த களிமண்ணை அச்சில் வார்ப்பதும், ஓரம் சீவுவதும், உலர்த்துவதும், வண்ணம் தீட்டுவதும் பெரும்பாலும் பெண்களின் கைகள். அக்கைகளுள் நம் வீட்டுக் கைகளும் உள. ஆனால் சூளை யாருடையது என்று கேட்டால் நாம் தலைகுனிய வேண்டியிருக்கிறது.

நம் தெருப் பெண்மணி ஒருவர், பல்லாண்டு வண்ணம் தீட்டிய அனுபவத்தோடு, சொந்தமாகச் சிறு பட்டறை வைக்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குச் சென்றார். துணைக்கு யாமும் சென்றிருந்தோம். அவரது தொழிலறிவைப் பற்றி ஒரு கேள்வியும் எழவில்லை. கணவர் எங்கே, அடமானத்திற்கு நிலம் எங்கே என்ற இரண்டே கேள்விகள். கணவர் இல்லை, நிலம் நம்மவர்க்கு எந்நாளும் இருந்ததில்லை. திரும்பி வந்தோம். அவர் இன்றும் கூலிக்கே வண்ணம் தீட்டுகிறார்.

ஒருவேளை அக்கடன் கிடைத்திருந்தாலும் இடர்ப்பாடு தீர்ந்திருக்குமா என்பது ஐயமே. கொலு பொம்மை நவராத்திரியில் விலையாகும்; அகல் விளக்கு கார்த்திகையில் விலையாகும். செய்யும் வேலையோ ஆண்டு முழுவதும் நடக்கும். மாதத் தவணையோ சித்திரை மாதத்திலும் வந்து கதவைத் தட்டும். சரக்கு அறையில் உறங்க, வட்டி உறங்காது. இத்தகைய தொழிலுக்கு வேண்டியது காத்திருக்கும் பணம். அதைத்தான் பங்கு முதலீடு என்கின்றனர். கடன் கொடுத்தவன் தொழில் நொடித்தாலும் முதலையும் வட்டியையும் கேட்பான். பங்கு கொண்டவன் இலாபத்திலும் நட்டத்திலும் உடனிருப்பான். அதற்கு விலையும் உண்டு: உடைமையில் ஒரு பகுதியை அவனுக்குக் கொடுத்தாக வேண்டும்.

இதனைப் பேரளவில் செய்வதே தனியார் பங்கு முதலீடு. ஓய்வூதிய நிதிகள், காப்புறுதி நிறுவனங்கள் முதலானவற்றின் பணத்தைத் திரட்டிச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனங்களின் பங்குகளை வாங்கி, இயக்குநர் குழுவில் அமர்ந்து வளர்த்து, சில ஆண்டுகள் கழித்து விற்று வெளியேறுவர். ஒரு நிதியின் ஆயுள் ஏறத்தாழப் பத்தாண்டு. இத்துறையில் நம் நாட்டில் முன்னணியில் நின்ற பெண்மணி திருமதி ரேணுகா ராம்நாத். பம்பாயில் நெசவுப் பொறியியல் பயின்றவர். 1986இல் ஐ.சி.ஐ.சி.ஐ.யில் சேர்ந்து, 2001 முதல் 2009 வரை அதன் வென்ச்சர் நிறுவனத்திற்குத் தலைமை தாங்கினார். உலக நிதிச் சந்தையே நடுங்கிக் கிடந்த 2009இல் அப்பதவியை விட்டு 'மல்டிபிள்ஸ்' என்னும் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் நிதியாக 40 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். பிறர் பணத்தை நம்பி ஒப்படைக்கத்தக்கவள் பெண் என்பதை அவர் வாதாடி நிறுவவில்லை, கணக்கில் காட்டினார்.

ஆயினும் அவரது பணம் பெரிய நிறுவனங்களுக்குச் செல்வது. நம் பட்டறைப் பெண்ணுக்கு அது எட்டாது. அவளை நோக்கி வந்த பணத்தின் வரலாறு வேறு. 1974இல் அகமதாபாத்தில் நாலாயிரம் பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் பங்கு செலுத்தி 'சேவா' வங்கியைத் தொடங்கினர். வழிநடத்தியவர் எலா பட். எழுதப் படிக்கத் தெரியாதவர் வங்கி நடத்துவதா என்று பதிவு அதிகாரிகள் தயங்கியபோது, நிறுவனர்களாக நின்ற பெண்கள் இரவெல்லாம் விழித்துத் தம் பெயரைக் கையெழுத்திடக் கற்று மறுநாள் சென்றனர். கணக்குப் புத்தகத்தில் கையெழுத்திற்குத் துணையாக நிழற்படம் ஒட்டினர். காய்கறி விற்றவரும் பழந்துணி விற்றவரும் அங்கே வங்கியின் பங்குதாரர் என்பதை இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சென்னையில் ஜெயா அருணாசலம் 1978இல் உழைக்கும் மகளிர் அமைப்பைத் தொடங்கி, 1981இல் அவர்களுக்கென்றே கூட்டுறவுக் கடன் சங்கத்தையும் அமைத்தார்.

எலா பட் அத்தோடு நிற்கவில்லை. 1975இல் மெக்சிகோ நகரில் நடந்த உலக மகளிர் மாநாட்டில் பிறந்த எண்ணம், 1979இல் 'உலக மகளிர் வங்கியியல்' என்னும் அமைப்பாக உருப்பெற்றது. நிறுவனர்களில் அவரும் ஒருவர். அதன் முதல் தலைவர் மிக்கேலா வால்ஷ், நியூயார்க் நிதிச் சந்தையில் பணியாற்றித் தேர்ந்தவர். அவர்கள் கண்ட வழி எளியது: பெண்ணுக்கு உள்ளூர் வங்கி கடன் தரட்டும், அது திரும்பாவிடில் இழப்பில் பாதியை அமைப்பும், கால் பங்கை உள்ளூர்க் கிளையும் ஏற்கும். வங்கிக்கு எஞ்சிய ஆபத்து கால் பங்கே. பின்னர், 2012இல், மகளிர்க்குப் பணியாற்றும் நிதி நிறுவனங்களில் பங்கு வாங்கும் நிதியொன்றையும் அவ்வமைப்பு தொடங்கிற்று. மகளிர் நோக்கு முதலீடு என்று இன்று பேசப்படுவதன் வேர்களில் ஒன்று இது.

நமக்கென்று வழிகள் இல்லாமலில்லை. பட்டியலினத்தவர் பாதிக்கு மேல் உடைமை கொண்ட நிறுவனங்களுக்கென 2015இல் நடுவணரசு துணிகர மூலதன நிதி ஒன்றை நிறுவிற்று. 2020இல் தொடங்கிய அம்பேத்கர் புத்தாக்கத் திட்டம், தொழில் வளர்ப்பகங்களில் உள்ள நம் இளைஞர்க்கு மூன்றாண்டில் 30 இலட்சம் வரை பங்கு முதலீடாகவே தர வகை செய்தது. தமிழ்நாட்டரசு 2023இல் கொணர்ந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியம் உண்டு. உச்சவரம்பு ஒன்றரைக் கோடி. இவற்றின் பெயரைக்கூட நம் தெருவில் பலர் கேட்டிருக்கவில்லை. குறை அரசிடம் மட்டும் இருப்பதாக யாம் கருதவில்லை. திட்ட அறிக்கை எழுதவும் வரவு செலவுக் கணக்கை வாசிக்கவும் தெரிந்தவர் நம்முள் எத்தனை பேர்? நம் பெண்களை ஆசிரியராக்கினோம், செவிலியராக்கினோம், நன்று. கணக்காயர் ஆக்கினோமா?

ஆகவே ஒரு வேண்டுகோள். விழா முடிந்த அடுத்த ஞாயிறு மாலை, சங்கக் கட்டடத்திலேயே, வணிகவியல் பயின்ற நம் பிள்ளைகள் நால்வர் அமர்வர். மேற்சொன்ன பெண்மணியின் பட்டறைக்கு அச்சு எத்தனை, களிமண் எவ்வளவு, சூளை வாடகை என்ன, நவராத்திரி வரை தாங்கப் பணம் எவ்வளவு என்று எழுத்தில் வடிப்பர். அவரும் வர இசைந்துள்ளார். கணக்கு அறிந்தவர்களும் அறிய விரும்புவோரும், குறிப்பாக மகளிர், ஐந்து மணிக்கு வந்து சேருமாறு கேட்டுக்கொள்கிறோம்.