சொத்தில்லாத தெருவில் ஆணாதிக்கம்

(மாணவர், இளைஞர் பயிற்சி முகாமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆணாதிக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நம் வகுப்புகளில் ஒரே பதில்தான் கிடைக்கிறது. தனிச்சொத்து வந்தது, ஆணாதிக்கம் வந்தது. 1884இல் எங்கெல்ஸ் எழுதிய 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' நூலிலிருந்து எடுத்த பதில். மந்தையும் செல்வமும் ஆண் கைக்குப் போயின. அது தன் பிள்ளைக்கே சேரவேண்டும் என்று நினைத்தான். பிள்ளை தன்னுடையதுதானா என்று உறுதிப்படுத்தப் பெண்ணைக் கட்டிப்போட்டான். தாய்வழி உரிமை வீழ்ந்தது. மார்கனின் 1877ஆம் ஆண்டு நூலை வைத்து எழுதியது. அதிலுள்ள மானுடவியல் தகவல்கள் பலவும் பிறகு அடிபட்டுப் போய்விட்டன. ஆனாலும் பெண்ணடிமைத்தனம் இயற்கை இல்லை, கடவுள் விதித்ததும் இல்லை, வரலாற்றில் ஒரு கட்டத்தில் உண்டாக்கப்பட்டது என்று சொன்னதே பெரிய உடைப்பு. அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

என் கேள்வி வேறு. அதே நூலில் எங்கெல்ஸ் இன்னொன்றும் சொல்கிறார். சொத்தே இல்லாத பாட்டாளிக் குடும்பத்தில் ஆண் ஆதிக்கத்துக்கு அடிப்படையே இல்லாமல் போய்விடுகிறது. பழைய முரட்டுத்தனம் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம், அவ்வளவுதான் என்கிறார். சரி, நம்ம தெருவுக்கு வருவோம். இங்க யாருக்கு என்ன சொத்து இருக்கு? பஞ்சமி நிலம்னு கொடுத்ததும் பாதிக்கு மேல அடுத்தவன் பட்டாவுல கிடக்கு. பிள்ளைக்கு எழுதிவைக்க ஒரு சென்ட் கிடையாது. அப்புறம் ஏன் பொழுது சாய்ஞ்சா அடி விழுது? பொம்பளை சம்பாதிச்ச காசு ஏன் ஆம்பளை சட்டைப்பையில இருக்கு? இதை 'மிச்சமிருக்கிற முரட்டுத்தனம்' என்று விட்டுவிட முடியுமா?

எங்கெல்ஸிடம் இதற்குப் பதில் இல்லை. அவர் பார்த்த சமூகத்தில் சாதி இல்லை. பதில் தேட வேண்டியது அம்பேத்கரிடம். 1916 மே 9ஆம் தேதி, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசிக்கிறார். அப்போது அவருக்கு வயது 25. சாதியின் உயிர்நாடி அகமணம் என்கிறார். ஒரு கூட்டம் தனக்குள்ளேயே மணம் முடிக்கவேண்டுமென்றால் ஆண் எண்ணிக்கையும் பெண் எண்ணிக்கையும் சமமாக இருக்கவேண்டும். புருஷன் செத்துப்போனால் ஒரு பெண் உபரி. அவள் வெளியே மணந்தால் சாதி உடையும், உள்ளே மணந்தால் இன்னொரு கன்னிப்பெண்ணின் பங்கு போகும். ஆகவே எரித்துவிடு, இல்லையென்றால் மொட்டையடித்து மூலையில் உட்காரவை. பெண்டாட்டி செத்த ஆண்? அவன் ஆண், எரிக்க மனசு வராது. இன்னும் வயசுக்கு வராத குழந்தையைக் கட்டிவை. சதி, கைம்மை, குழந்தை மணம் மூன்றும் தனித்தனிச் 'சமூகத் தீமைகள்' இல்லை. சாதியை ஓடவைக்கிற எந்திரத்தின் பாகங்கள். மேலே இருப்பவன் செய்வதைக் கீழே இருப்பவன் பார்த்துச் செய்ய, இது படிப்படியாகத் தொற்றிப் பரவியது என்றும் அதே கட்டுரையில் சொல்கிறார்.

அதாவது சாதியின் வாசற்கதவு பெண்ணின் உடம்பு. கதவைப் பூட்டுகிற வேலை ஒவ்வொரு சாதி ஆணுக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது, நமக்கும்தான். உட்சாதி மாறிப் பொண்ணு போனா நம்ம ஊர்ப் பெரியவங்க எப்படிக் குதிக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியும். பாதுகாக்கச் சொத்து ஒன்றும் இல்லை, பாதுகாக்கச் சாதி மட்டும் இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். நம் பாட்டிமார் காலத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் பரிசம் போட்டார்கள். ஒத்துவராவிட்டால் அறுத்துக்கட்டுகிற வழக்கம் இருந்தது. உழைக்கிற கைக்கு ஒரு மதிப்பு இருந்தது. ஆனால் இதைப் பொற்காலமாக்கிப் பாட்டுக் கட்டுகிற வேலை எனக்குப் பிடிக்காது. அறுத்துக்கட்ட உரிமை இருந்தது, தீர்ப்புச் சொல்லும் பஞ்சாயத்தில் அவள் உட்கார இடமில்லை. பண்ணையில் அவளுக்கு நேர்ந்ததைச் சொல்ல ஒரு வாயும் இல்லை. தஞ்சைப் பக்கம் ஒருவன் பண்ணையாளாகக் கட்டுப்பட்டால் அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் சேர்ந்தே கட்டுப்பட்டார்கள். நடவும் களையும் கொட்டில் சாணியும் அவள் பாடு. கூலி அவனைவிடக் குறைவு.

முதலாளியம் வந்தால் இதெல்லாம் கரைந்துவிடும் என்று நம் பக்கத்திலேயே சிலர் பேசுகிறார்கள். அதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். காசுக்கூலி பண்ணையை விட்டு ஓட ஒரு வழி திறந்தது. கடல் தாண்டிப் போனார்கள். போன இடத்தில் என்ன நடந்தது என்று பார்க்கவேண்டும்.

இலங்கை மலையகத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் கோப்பி. அது பருவத்துக்கு வேலை. ஆண்கள்தான் அதிகம் போனார்கள், பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது, அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. தேயிலைக் கொழுந்து வருஷம் முழுக்கத் துளிர்க்கும், முழுக்கக் கிள்ளவேண்டும். துரைக்கு இப்போது நிரந்தரமாக ஆள் வேண்டும், அதுவும் பெண்ணாள் வேண்டும். குடும்பம் குடும்பமாக இறக்கினான். இறக்கியவன் கங்காணி, பெரும்பாலும் நமக்கு மேலே என்று தன்னை வைத்துக்கொண்ட சாதிக்காரன். வந்தவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். பெரட்டுக்கு வந்து நிற்கிற ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குக் காசு. கடன் 'துண்டு' என்ற சீட்டோடு குடும்பம் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறியது. அந்தத் துண்டு முறை ஒழிந்தது 1921இல்தான்.

லயத்திலும் சாதி பார்த்துத்தான் காம்பரா கொடுத்தார்கள். வெள்ளைக்காரத் துரை சாதியை ஒழிக்கவில்லை, மேற்பார்வைக்கு வைத்துக்கொண்டான். ஆணாதிக்கத்தையும் அப்படித்தான். ஆணுக்குக் கவ்வாத்து, முள்ளுக்குத்து என்று கணக்கு வேலை. முடித்துவிட்டு மத்தியானமே வீட்டுக்குப் போகலாம். பெண் பொழுது சாயும்வரை மலையில் நிற்கவேண்டும், விடிவதற்கு முன்னும் இருட்டிய பின்னும் அடுப்படியில் நிற்கவேண்டும். 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1929இல் மலைநாட்டுக்கு நிர்ணயித்த நாட்கூலி: ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். சட்டமே எழுதிவைத்த வித்தியாசம். உலகச் சந்தைக்குப் போன தேயிலையைக் கிள்ளியவள் அவள், குறைந்த கூலியும் அவளுக்கு. அந்தக் கூலியையும் சம்பள நாளில் புருஷனோ தகப்பனோ போய் வாங்குவது வழக்கமாக இருந்தது. சமகூலி வந்தது 1984இல், பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு.

யோசிச்சுப் பாருங்க. ஆணுக்கும் வயிறு நிறையக் கூலி கொடுக்கலை. குறைச்ச கூலிக்குப் பதிலா பெண்டாட்டி மேல, பிள்ளைங்க மேல, அவங்க கூலி மேல அதிகாரத்தைக் கொடுத்தான். முதலாளிக்கு இதுல ஒரு காசு செலவில்லை. சொத்தில்லாத தெருவில் ஆணாதிக்கம் எப்படி நின்றது என்ற என் கேள்விக்கு அகமணம் பாதிப் பதில், மறுபாதி இது.

பழைய கதை என்று யாராவது சொல்லலாம். 1990களின் பிற்பகுதியிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் நூற்பாலைகளில் நடந்த சுமங்கலித் திட்டம் என்ன? தரகர் ஊருக்கு வந்தான். வயசுக்கு வந்த பொண்ணை மூணு வருஷம் அனுப்புங்க, முடிஞ்சதும் 30,000, 50,000 மொத்தமாத் தர்றோம், கல்யாணத்துக்கு ஆச்சு என்றான். விடுதியில் பூட்டிவைத்து வேலை. கேம்ப் கூலி என்று பெயர். பயிற்சியாளர் என்று கணக்கில் எழுதினால் நிரந்தரம் செய்யவேண்டாம், சங்கம் வராது. உடம்புக்கு முடியாமல் பாதியில் திரும்பினால் மொத்தப் பணமும் போனது. போனவர்களில் பெரும்பகுதி நம் பெண்கள்.

அந்தப் பணம் அவளுடைய கூலி. பிடித்துவைத்து வரதட்சணை என்று பெயர் மாற்றிக் கொடுத்தார்கள். பரிசம் வாங்கிய நம் தெருவுக்குள் வரதட்சணை எப்போது வந்தது? மாதச்சம்பளக்காரன் வந்தபோது, மேல்சாதியைப் பார்த்துக் கல்யாணம் செய்யத் தொடங்கியபோது. நாம் உள்ளே விட்டதை ஆலை முதலாளி ஆள்பிடிக்கிற கண்ணியாக்கினான். ஆலைக்கு வெளியே தாலி மோகம் இல்லையென்றால் அந்தத் திட்டத்துக்குச் 'சுமங்கலி' என்று பெயர் வைத்திருக்கவே முடியாது. 2011 வாக்கில் ஆய்வறிக்கைகள் வெளிவந்து, வெளிநாட்டில் துணி வாங்குகிற கம்பெனிகள் கேள்வி கேட்டபிறகு அந்தப் பெயர் மறையத் தொடங்கியது. விடுதியில் வைத்து வேலை வாங்குவது நின்றுவிடவில்லை.

ஆகவே 'முதலில் வர்க்கம், பெண் பிரச்சினை பிறகு' என்று சொல்கிற தோழரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது, 'முதலில் சாதி, வீட்டு விஷயத்தை வெளியே பேசாதே' என்று சொல்கிற அண்ணன்மாரோடும் இருக்கிறது. இந்து சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டதை முக்கியக் காரணமாக வைத்து 1951இல் அமைச்சர் பதவியைத் தூக்கியெறிந்தவர் படத்தை மேடையில் மாட்டிவிட்டு அந்தப் பேச்சைப் பேசுகிறார்கள்.

விடுதிக்குள் நம்மால் போகமுடியாது. அந்தப் பெண்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு வருகிறார்கள், நாலு நாள் இருப்பார்கள். நம்ம கூட்டமெல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு டீக்கடை பக்கத்துல. எந்தப் பொண்ணு வரும்? அந்த நாலு நாளில் பகலில், பெண்கள் கூடுகிற இடத்தில் கூட்டம் வைப்பது. சம்பளச் சீட்டு, பி.எஃப். எண் இருக்கிறதா என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டு எழுதுவது. நம் பொறுப்பாளர்கள் யாரும் வரதட்சணை வாங்கிக் கல்யாணம் செய்வதில்லை, வாங்கினால் பொறுப்பிலிருந்து நீக்குவது. இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்றாவதுக்கு எதிர்ப்பு இருக்கும் என்று தெரியும். எதிர்ப்பவர்கள் சாப்பாட்டுக்கு அப்புறம் இங்கேயே எழுந்து பேசட்டும்.