நெட்டூர்ப் பெட்டியும் மரக் கைப்பெட்டியும்



கொச்சி மட்டாஞ்சேரியில், 1568-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பரதேசி யூதர் ஆலயத்தை நோக்கிச் செல்லும் குறுகிய தெருவில், முன்னாளில் மிளகும் சுக்கும் மணந்த பண்டகசாலைகள் சிலவற்றில் இன்று பழம்பொருள் வாணிபம் நடைபெறுகிறது. அங்கே தூண்களுக்கும் கதவுகளுக்கும் இடையே, கேரளத்து வீட்டுக் கூரையைப் போல் நாற்புறமும் சரிந்த மூடியோடும், ஈட்டி மரத்தின் கருஞ்சிவப்பு மேனியோடும், மூலைகளில் பித்தளைத் தகடுகளோடும் விளங்கும் நெட்டூர்ப் பெட்டியைக் காணலாம். மலையாள நாட்டுக் குடும்பப் பெண்கள் தங்கள் ஆபரணங்களை வைத்துப் பாதுகாத்த பெட்டி இது. ஆமாடப்பெட்டி என்றும் இதைச் சொல்வார்கள்.

அலுவலகத்துக்குக் காகிதங்கள் கொண்டு செல்லும் கைப்பெட்டியை மரத்தில் தம் கையாலேயே செய்து பார்க்க ஆசைப்படும் அன்பர்கள், முதலில் இந்தப் பெட்டியின் முன் சற்று நேரம் நின்று அதைக் கவனிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதில் அலங்காரமாகத் தோன்றுவது யாவும் ஒரு காரியத்தையும் செய்துகொண்டிருக்கிறது. மட்டாஞ்சேரி அரண்மனையின், அதாவது 1555-ஆம் ஆண்டளவில் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்து, 1663-க்குப் பின் டச்சுக்காரர் செப்பனிட்ட மாளிகையின், உணவுக் கூடத்து மர விதானத்திலும் பித்தளைக் கிண்ணங்கள் வரிசையாகப் பதிந்திருக்கின்றன. அங்கே அவை கண்ணுக்கு விருந்தாக மட்டும் இருக்கின்றன. பெட்டியில் உள்ள பித்தளையோ இரு பலகைகள் கூடும் மூலையை அணைத்துப் பிடிக்கிறது. கீலாகி மூடியைத் தாங்குகிறது. கடற்காற்றிலும் காயல் ஈரத்திலும் இரும்பைப் போலத் துருவேறி மரத்தைக் கறுக்கச் செய்யாமல் இருக்கிறது. சரிந்த மூடியிலும் இத்தகைய யோசனை உண்டென்றே கருதுகிறேன்: அகலமான ஒரே பலகை மழைக்காலத்தில் நெளிந்துவிடும், குறுகிய சரிவுப் பலகைகள் நான்கு ஒன்றையொன்று தாங்கி நிமிர்ந்து நிற்கும்.

மரத்தின் சுபாவம் அப்படி. ரேகையின் நீளப்போக்கில் அது ஏறக்குறைய மாறுவதே இல்லை. குறுக்குவாட்டில் ஈரத்தை உண்டு பருக்கிறது, உலர்ந்தால் சுருங்குகிறது. முப்பது சென்டிமீட்டர் அகலமுள்ள தேக்குப் பலகை, கொச்சியின் இடவப்பாதி மழைக்கும் கோயமுத்தூரின் கோடைக்கும் இடையே சில மில்லிமீட்டர் அகலம் மாறக்கூடும். ஆகையால் கைப்பெட்டியின் மேற்பலகையையும் அடிப்பலகையையும் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டிவிடுகிறவர், எவ்வளவு நேர்த்தியாக இழைத்திருந்தாலும், ஓராண்டுக்குள் வெடிப்பைக் காண்பார். சட்டத்தின் உட்புறம் காடி எடுத்து, அதனுள் பலகை தன் போக்கில் நகரும்படி விட்டுவிட வேண்டும். கோடையில் வேலை செய்கிறவர் காடிக்குள் இடம் மிச்சம் வைக்க வேண்டும், அடைமழையில் செய்கிறவர் பலகையைக் காடி நிறையப் பொருத்தலாம்.

எடை விஷயத்தில் மட்டும் நெட்டூர்ப் பெட்டி நமக்கு வழிகாட்டாது. அது வீட்டில் ஓரிடத்தில் இருக்கப் பிறந்தது. நாற்பத்தைந்துக்கு முப்பத்திரண்டு சென்டிமீட்டர் அளவில், பத்து சென்டிமீட்டர் ஆழத்தில், ஆறு மில்லிமீட்டர் பலகைகளும் பத்து மில்லிமீட்டர் பக்கங்களும் கொண்டு செய்தால், தேக்குப் பெட்டி வெறுமையாகவே இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் நிற்கும். ஈட்டியில் செய்தால் மூன்று கிலோவை நெருங்கும். தினந்தோறும் சுமக்கிறவருக்கு இது சிறிய வித்தியாசம் அன்று. ஈட்டியின் சௌந்தரியத்தில் மயங்காமல் தேக்கையோ பலாவையோ நாடுவதே விவேகம்.

இனி, இந்தக் கலையின் உயிர்நிலையான மூலைகளுக்கு வருவோம். ஒரு பலகையின் நுனியில் வால்போல் விரியும் பற்களை வெட்டி, மற்றதில் அவற்றுக்கேற்ற பள்ளங்களைக் கொத்திச் செலுத்துகிற புறாவால் இணைப்பைத் தச்சர்கள் நன்கு அறிவார்கள். ஆனால் வாலை எந்தப் பலகையில் வெட்டுவது என்பதைப் புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. கைப்பெட்டியின் பிடி நீளப்பக்கம் ஒன்றில் இருக்கிறது. தூக்கும்போதெல்லாம் பெட்டியின் பாரம் முழுவதும் அந்தப் பக்கத்தைப் பெட்டியிலிருந்து பிரிக்க முயல்கிறது. குட்டைப் பக்கங்களில் வாலை வெட்டினால் அந்த இழுப்பு வாலில் சிக்கி நின்றுவிடும். நீளப்பக்கத்தில் வெட்டினால் பசை ஒன்றே கதி.

பெட்டியையும் மூடியையும் தனித்தனியே செய்து பொருத்தாமல், நான்கு பக்கங்களையும் ஒரே பலகையிலிருந்து வரிசையாக அறுத்து, முழுதும் மூடிய பெட்டியாகக் கட்டிய பிறகு சுற்றிலும் வாளால் அறுத்து இரண்டாகப் பிரிப்பது உத்தமமான முறை. அப்போது மரத்தின் ரேகை மூலைகளைச் சுற்றித் தொடர்ந்து ஓடும். மூடினால் வாயிடம் தெரியாது. வாள் தின்னும் மரத்தை முன்கூட்டியே கணக்கிட்டு, அறுக்கும் கோட்டில் வரும் வாலை மற்றவற்றைவிட அகலமாக வெட்டிவைக்க வேண்டும். மறந்தால் வாலே பிளந்துபோகும்.

பழைய பெட்டியைப் போலவே தோன்றும்படி இப்போது விற்பனைக்கு வரும் புதுப் பெட்டிகள் சிலவற்றில், மெல்லிய பித்தளைத் தகட்டை மூலைமேல் ஒப்புக்கு அறைந்து, கனத்த வார்னிஷால் இணைப்பின் இடைவெளிகளை மறைத்திருக்கிறார்கள். மனம் வருந்துகிறது. தகட்டை நீக்கினாலும் நிற்கிற மூலைக்கே தகடு பூண அருகதை உண்டு. அந்தத் தகட்டைப் பூட்டும் பித்தளைத் திருகு மிருதுவானது. வைரம் பாய்ந்த தேக்கில் நேரே முறுக்கினால் கழுத்து முறியும். முதலில் தக்க துளையிட்டு, அதே அளவுள்ள இரும்புத் திருகை உள்ளே செலுத்திப் புரி பதிய வைத்து, அதை எடுத்துவிட்டுப் பித்தளைத் திருகுக்குச் சிறிது மெழுகு தடவி முறுக்க வேண்டும். கீலும் கொண்டியும் பிடியும் இவ்விதமே பூட்டப்பட வேண்டும்.