பதிவேட்டின் செலவைக் கொடுப்பவர் யார்?



மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சூடோஎஃபெட்ரின் மாத்திரையிலிருந்து மெத்தாம்ஃபெட்டமின் என்னும் போதைப்பொருளையும் காய்ச்சுகிறார்கள். ஆகவே அமெரிக்காவில் 2006-ல் வந்த சட்டம், ஒருவருக்கு நாளொன்றுக்கு 3.6 கிராமுக்கு மேல் விற்கலாகாது, வாங்குகிறவரின் பெயரைப் பதியவேண்டும் என்று கட்டளையிட்டது.

கடைக்குக் கடை தனி நோட்டு இருந்தால், ஒரே ஆள் பத்துக் கடைகளில் வாங்கிவிடலாம். அதைத் தடுக்க என்பிளெக்ஸ் என்னும் கணினிப் பதிவேடு பல மாநிலங்களின் கடைகளை இணைத்தது. வரம்பு மீறினால் விற்பனையை அப்போதே நிறுத்தச் சொல்லும். மாநில அரசுக்கு இது இலவசம். செலவை ஏற்பவர்கள் அந்த மாத்திரையைத் தயாரிக்கும் நிறுவனங்களே.

இலவசமாக வருவதை எந்த அரசு வேண்டாம் என்னும்? ஆனால் மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்பனை தொடர்வது அந்த நிறுவனங்களுக்கு ஆதாயம். காய்ச்சுகிறவர்களோ பல ஆட்களை வைத்து, ஒவ்வொருவரையும் வரம்புக்குள் வாங்கச் செய்தார்கள். பதிவேட்டினால் காய்ச்சும் இடங்கள் குறையவில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2013-ல் அறிவித்தது. சீட்டைக் கட்டாயமாக்கிய ஆரிகனிலும் மிசிசிப்பியிலும் அவை குறைந்தன. ஆயினும் சளிக்கு மாத்திரை வாங்கவும் மருத்துவரிடம் போகவேண்டியது எளியவருக்குப் பாரமாயிற்று. 2022-ல் ஆரிகன் அந்தக் கட்டாயத்தை நீக்கியது.

கொடுத்துத் தாங்குகிற உங்களுக்கு இது புரியும். நிறுவனங்கள் பணம் தருவது தவறல்ல. ஆனால் ஊரைக் காக்கும் பதிவேட்டுக்கு ஊரே செலவு செய்தால், "இதனால் பலன் உண்டா?" என்று தயங்காமல் கேட்கும் உரிமையும் ஊருக்கே இருக்கும்.