கேனானா, நிக்கானா? சண்டை ஒரு வளையத்தைப் பத்தினது

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் கேமராவைப் பத்தி. ஆனா எந்தக் கேமரா வாங்கலாம்னு சொல்லப் போறதில்ல. அதுக்கு யூட்யூப்ல ஏகப்பட்ட பேர் இருக்காங்க.

எனக்கு இருக்குற கேள்வி வேற. ஏதாவது ஒரு போட்டோகிராஃபி வாட்ஸ்அப் குரூப்ல "கேனானா, நிக்கானா?"ன்னு ஒரே ஒரு வரி போட்டுட்டு, டீ குடிச்சிட்டு வந்து பாருங்க. அதுக்குள்ள ஒரு குருக்ஷேத்திரமே நடந்து முடிஞ்சிருக்கும். மிக்ஸி வாங்கும்போதோ ஃபேன் வாங்கும்போதோ யாரும் இப்படி அடிச்சிக்கிறதில்ல. போட்டோகிராஃபர்கள் மட்டும் ஏன் ஒரு பிராண்டுக்கு இவ்வளவு விசுவாசமா இருக்காங்க?

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. நிக்கானோட பல டிஜிட்டல் கேமராக்கள்ல இருக்குற சென்சாரைத் தயாரிச்சது சோனி. "சோனி கலர் எனக்குச் செட்டாகாது, நிக்கான்தான்"னு சொல்றவரோட கேமராவுக்குள்ள வெளிச்சத்தை வாங்கிக்கிறதே சோனி சிப்பா இருக்கலாம். சென்சாருக்கு அப்புறம் நடக்குற ப்ராசஸிங்தான் கலரைப் பெரிய அளவுல முடிவு பண்ணுது. அதனால அவர் சொல்றது முழுக்கத் தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா "படம் நல்லா வரும்"ங்கிறது மட்டுமே இந்த விசுவாசத்துக்குக் காரணம் இல்லைன்னு தெரியுது.

அப்போ காரணம் என்ன? என் பதில், கேமராவோட முன்பக்கம் இருக்குற ஒரு உலோக வளையம். லென்ஸ் மவுண்ட். கதை அங்கதான் ஆரம்பிக்குது.

அந்த வளையம் ஒரு ஏபிஐ

சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இது சட்டுனு புரியும். மவுண்ட்ங்கிறது பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவுல போட்டுக்கிட்ட ஒப்பந்தம். வளையத்தோட விட்டம் எவ்வளவு, எந்தப் பக்கம் திருகணும், மின் இணைப்புகள் எங்க இருக்கும், ரெண்டும் என்ன மொழியில பேசிக்கும், எல்லாம் அதுல அடக்கம். முக்கியமா, வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவுல இருக்குற தூரம். நிக்கானோட எஃப் மவுண்ட்ல அது 46.5 மி.மீ. கேனானோட இஎஃப் மவுண்ட்ல 44 மி.மீ. இதுல ஒரு மில்லிமீட்டர் மாறினாகூட ஃபோகஸ் குழம்பிடும்.

இப்போ காசுக் கணக்குக்கு வருவோம். பாடியை நாலஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை மாத்திடுவோம். நல்ல லென்ஸ் இருபது வருஷம் உழைக்கும். சீரியஸா படம் எடுக்குற ஒருத்தரோட பையில லென்ஸோட மொத்த விலை பாடியைத் தாண்டி எங்கயோ போயிருக்கும். அந்த லென்ஸ் எல்லாமே ஒரே ஏபிஐக்காக எழுதின கோடு மாதிரி. பிளாட்ஃபார்ம் மாறினா எல்லாத்தையும் திரும்ப எழுதணும். நாம இதை வெண்டர் லாக்-இன்னு சொல்வோம். போட்டோகிராஃபர் "நான் கேனான் ஆளு"ன்னு சொல்வாரு.

1987: கேனான் பண்ண பிரேக்கிங் சேஞ்ச்

இந்த ஒப்பந்தம் எவ்வளவு ஆழமானதுன்னு புரிஞ்சிக்க ஒரு நிஜக் கதை போதும்.

நிக்கான் 1959-ல நிக்கான் எஃப்ங்கிற கேமராவோட எஃப் மவுண்ட்டைக் கொண்டு வந்தது. கேனானோட எஃப்டி மவுண்ட் 1971-ல வந்தது. ரெண்டு பக்கமும் ஆளுங்க லென்ஸ் வாங்கிச் சேர்த்தாங்க. அப்புறம் 1985-ல மினோல்டா 7000 வந்து எல்லாரையும் தூக்கத்துலேர்ந்து எழுப்புச்சு. பாடிக்குள்ளயே ஆட்டோஃபோகஸ்! அதுக்காக மினோல்டா தன்னோட பழைய மவுண்ட்டையே விட்டுட்டுப் புதுசா ஒண்ணைக் கொண்டு வந்தது.

கேனானும் நிக்கானும் இப்போ முடிவு எடுத்தாகணும். நிக்கான் பழைய வளையத்தை அப்படியே வெச்சுக்கிச்சு. பாடிக்குள்ள ஒரு மோட்டார், அதுலேர்ந்து ஸ்க்ரூடிரைவர் முனை மாதிரி ஒரு சின்ன தண்டு வெளிய வந்து லென்ஸைத் திருப்பும். பழைய லென்ஸ் வெச்சிருந்தவங்க நிம்மதியா இருந்தாங்க.

கேனான் அதுக்கு நேர்மாறா போச்சு. 1987-ல இஓஎஸ் 650 கேமராவோட இஎஃப்ங்கிற புது மவுண்ட். மோட்டார் லென்ஸுக்குள்ள. பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவுல எந்த லீவரும் கிடையாது, எல்லாப் பேச்சுவார்த்தையும் மின்சாரத்துல. வளையமும் பெருசு: நிக்கான்ல 44 மி.மீ., இதுல 54 மி.மீ.

பழைய எஃப்டி லென்ஸ் வெச்சிருந்தவங்க? அம்போ. எஃப்டிக்கான தூரம் 42 மி.மீ., புதுசுல 44. சும்மா ஒரு வளையத்தை வெச்சு மாட்டினா லென்ஸ் ரெண்டு மி.மீ. தள்ளி நிக்கும். பக்கத்துல இருக்குற பூ ஃபோகஸ் ஆகும், தூரத்துல இருக்குற மலை ஆகாது. வருஷக்கணக்கா காசு போட்டவங்களுக்கு இது பச்சைத் துரோகமாத்தான் தெரிஞ்சிருக்கும்.

ஆனா அடுத்து நடந்ததைப் பாருங்க. லென்ஸுக்குள்ளயே மோட்டார் இருந்ததால, பெரிய டெலி லென்ஸ்கள்ல கேனான் ஆட்டோஃபோகஸ் வேகமா, சத்தமில்லாம வேலை செஞ்சது. 90-கள்ல விளையாட்டு மைதான ஓரங்கள்ல கேனானோட வெள்ளை லென்ஸ்கள் வரிசை கட்டி நின்னுச்சு. நிக்கானும் பின்னாடி லென்ஸுக்குள்ள மோட்டாரைக் கொண்டு வர வேண்டியதாச்சு.

பழசைக் காப்பாத்தினதுக்கு வந்த பில்

நிக்கான் பண்ணதுதான் பயனருக்கு நல்லதுன்னு தோணும். எனக்கும் அந்தப் பக்கம்தான் மனசு சாயுது. ஆனா பேக்வர்ட் கம்பாடிபிலிட்டி இலவசம் இல்லைன்னு கோடு எழுதுற எல்லாருக்கும் தெரியும். யாரோ ஒருத்தர், என்னைக்கோ ஒருநாள் பில் கட்டணும்.

2006-ல நிக்கான் டி40 வந்தது. சின்னதா, விலை கம்மியா இருக்கணும்னு பாடி மோட்டாரை எடுத்துட்டாங்க. பின்னாடி வந்த டி3000, டி5000 வரிசைகள்லயும் அதே கதை. நம்ம ஊர்ல நிறையப் பேர் முதல் டி.எஸ்.எல்.ஆரா வாங்கினது இந்த வரிசைகளைத்தான். வாங்கினதும் அடுத்த ஆசை ஒரு 50 மி.மீ. லென்ஸ். கடையில விலை கம்மியான 1.8டி லென்ஸ் இருக்கும். வளையம் கச்சிதமா மாட்டும். ஆனா ஆட்டோஃபோகஸ் ஆகாது! "ஜி"ன்னு முடியுற, உள்ளயே மோட்டார் இருக்குற லென்ஸை வாங்கியிருக்கணும். ஒரே பிராண்ட், ஒரே மவுண்ட், ஆனா ஒரு எழுத்து மாறினா வேலை செய்யாது. இதைத்தான் நாம டெக்னிக்கல் டெட்னு சொல்றோம்.

உச்சகட்டம் 2018-ல. நிக்கான், கேனான் ரெண்டுமே ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்ஸுக்கு மாறி, ரெண்டுமே புது மவுண்ட் கொண்டு வந்தாங்க. நிக்கானுக்கு இசட், கேனானுக்கு ஆர்எஃப். பழைய லென்ஸ்களுக்கு ரெண்டு பேரும் அடாப்டர் கொடுத்தாங்க. கேனானோட அடாப்டர்ல 1987-ல வந்த இஎஃப் லென்ஸைப் போட்டாலும் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யுது, ஏன்னா ஆரம்பத்துலேர்ந்தே எல்லாம் மின்சாரப் பேச்சு. நிக்கானோட எஃப்டிஇசட் அடாப்டர்ல ஸ்க்ரூ மோட்டார் கிடையாது. அதனால அந்தப் பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களைக் கையாலதான் திருப்பணும்.

யோசிச்சுப் பாருங்க. ஒருமுறை கையை விட்டவங்க அடுத்த முறை முழுசா கூட்டிட்டுப் போனாங்க. என்னைக்கும் கையை விடாதவங்க கடைசியில பாதியை விட்டுட்டாங்க. இதுல யார் விசுவாசமா இருந்தாங்கன்னு சொல்லுங்க பார்ப்போம்!

கைக்கும் ஒரு விசுவாசம் உண்டு

லென்ஸ் பணம் மட்டும்தான் காரணம்னா, இன்னைக்கு அடாப்டர் வந்ததும் எல்லாரும் ஊர் மாறியிருக்கணும். மாறல. ரெண்டாவது காரணம் கை.

நிக்கான் லென்ஸ் ஒரு பக்கம் திருகி மாட்டும், கேனான் அதுக்கு எதிர்ப்பக்கம். ஃபோகஸ் வளையம் திரும்புற திசையும் ரெண்டுலயும் எதிரெதிர். பழைய நிக்கான்கள்ல எக்ஸ்போஷர் மீட்டரோட ப்ளஸ் பக்கம்கூட இடதுல இருக்கும், கேனான்ல வலதுல. பத்து வருஷமா விம்ல டைப் பண்ணவரை வேற எடிட்டர்ல உட்கார வெச்சா என்ன ஆகும்? ஒவ்வொரு வரியிலயும் தேவையில்லாம எஸ்கேப் கீயை அமுக்கிட்டிருப்பாரு. அதேதான் இங்கயும்.

நமக்காவது அன்டூ இருக்கு. ஒரு கல்யாண போட்டோகிராஃபரை நினைச்சுப் பாருங்க. கெட்டிமேளம்னு குரல் கேட்டதும் மேளம் உச்சத்துக்குப் போகுது, அட்சதை பறக்குது, நடுவுல நாலு சொந்தக்காரங்க போனைத் தூக்கிட்டு குறுக்க வர்றாங்க, மேடையில வெளிச்சம் மாறுது. சில நொடிதான். ரீடேக் கேட்க முடியாது. அந்த நொடியில விரல் டயலைத் தேடக் கூடாது. இப்படிப்பட்டவர் "வேற பிராண்ட் எனக்கு வேணாம்"னு சொல்றப்ப அதை வெறித்தனம்னு சொல்ல மாட்டேன். அது அவரோட பிழைப்பு.

கூட இருக்குற ஆளுங்க

மூணாவது காரணம் மனுஷங்க. அதே கல்யாணத்துல மூணு பேர் ஷூட் பண்றாங்கன்னு வைங்க. மூணு பேரும் ஒரே பிராண்ட்னா பேட்டரி மாத்திக்கலாம், லென்ஸ் வாங்கிக்கலாம், எடிட்டிங்ல மூணு கேமரா கலரையும் ஒண்ணாக்குறது சுலபம். ஃப்ளாஷ் ட்ரிக்கர்கூட பிராண்டுக்கு ஒண்ணு. உங்களுக்கு வேலை கத்துக்கொடுக்குற அண்ணன் சோனி வெச்சிருந்தா, நீங்களும் சோனிதான். அவர் லென்ஸை ஓசியில வாங்கலாமே!

உலக அளவுலயும் இதேதான். ஒலிம்பிக்ஸ் மாதிரி இடங்கள்ல கம்பெனிகள் தங்களோட தொழில்முறை போட்டோகிராஃபர்களுக்குன்னு சர்வீஸ் மையம் போடுவாங்க. கேமரா ரிப்பேர் ஆனா அங்கயே பார்ப்பாங்க, பெரிய லென்ஸைக் கடன் கொடுப்பாங்க. அவசரத்துக்குக் கை கொடுத்தவனை யாரும் லேசுல மறக்க மாட்டாங்க.

எங்க கோடு தாண்டுது?

இதுவரைக்கும் சொன்ன மூணுமே நியாயமான காரணங்கள். பணம், கை, ஆளுங்க. பிரச்சினை எங்க வருதுன்னா, இந்தக் காரணங்களை மறந்துட்டு, விசுவாசம் மட்டும் தனியா நிக்கும்போது.

கானமன், நெட்ச், தேலர்னு மூணு பேர் 1990-ல வெளியிட்ட ஒரு பிரபலமான சோதனை இருக்கு. கொஞ்சம் மாணவர்களுக்கு காபி கோப்பையைக் கொடுத்து என்ன விலைக்கு விப்பீங்கன்னு கேட்டாங்க. மத்தவங்களை என்ன விலைக்கு வாங்குவீங்கன்னு கேட்டாங்க. கையில கோப்பை இருந்தவங்க ஏறத்தாழ ரெண்டு மடங்கு விலை சொன்னாங்க. கொஞ்ச நேரம் முன்னாடி கைக்கு வந்த கோப்பைக்கே இந்தப் பாசம்னா, உங்க குழந்தையோட முதல் நடையைப் படம் எடுத்த கேமராவுக்கு எவ்வளவு இருக்கும்?

அந்தப் பாசம் தப்பே இல்ல. ஆனா கம்பெனி அதைத் திருப்பிக் காட்டும்னு எதிர்பார்க்காதீங்க. கோனிகா மினோல்டா 2006-ல கேமரா தொழிலையே விட்டுப் போச்சு. அதை வாங்கின சோனி அந்த மவுண்ட்டைக் கொஞ்ச வருஷம் ஓட்டிட்டு, தன்னோட இ மவுண்ட்டுக்கு நகர்ந்துடுச்சு. சாம்சங் 2014-ல என்எக்ஸ்1னு எல்லாரும் பாராட்டின கேமராவைக் கொண்டு வந்துட்டு, அப்புறம் சத்தமில்லாம கடையைச் சாத்துச்சு. ஒலிம்பஸ் 2020-ல கேமரா பிரிவை விக்கப் போறதா அறிவிச்சது. இதெல்லாம் அவங்க வாடிக்கையாளர்கள் கைவிட மாட்டோம்னு சத்தியம் பண்ண பிராண்டுகள்.

அதே 2020-ல அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன்னோட போட்டோகிராஃபர்களை சோனிக்கு மாத்தப்போறதா அறிவிச்சது. பெரிய நிறுவனம், மொத்தமா முடிவெடுக்க முடியும். சொந்தக் காசுல இஎம்ஐ கட்டுற தனி ஆளுக்கு அந்த வசதி இல்ல. அதனால அவர்தான் இன்னும் கவனமா இருக்கணும்.

வாங்கப் போறவங்க கேட்க வேண்டியது

பாடியோட மெகாபிக்சலைப் பார்க்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. ஒண்ணு, அடுத்த மூணு வருஷத்துல நான் வாங்கப் போற லென்ஸ்கள் இந்த மவுண்ட்ல என் பட்ஜெட்டுக்குக் கிடைக்குமா, செகண்ட்ஹேண்டையும் சேர்த்து? ரெண்டு, என்னைச் சுத்தி இருக்குறவங்களும், எனக்குப் பக்கத்துல லென்ஸ் வாடகைக்கு விடுறவங்களும் என்ன வெச்சிருக்காங்க? மூணு, மத்த கம்பெனிகளை இந்த மவுண்ட்டுக்கு லென்ஸ் செய்ய விடுறாங்களா?

மூணாவது கேள்வியை யாரும் கேட்குறதில்ல. சோனி 2011-லயே இ மவுண்ட்டோட அடிப்படை விவரங்களை மத்த லென்ஸ் கம்பெனிகளுக்குக் கட்டணம் இல்லாம கொடுக்கப்போறதா அறிவிச்சது. இன்னைக்கு அந்த மவுண்ட்டுக்கு விலை கம்மியான லென்ஸ்கள் கொட்டிக் கிடக்க அது ஒரு முக்கியக் காரணம். கேனான் ஆர்எஃப் பல வருஷம் கதவைச் சாத்தியே வெச்சிருந்தது. 2024-லதான் சிக்மாவும் டாம்ரானும் ஆர்எஃப்க்கு லென்ஸ் அறிவிச்சாங்க, அதுவும் சின்ன சென்சார் கேமராக்களுக்கு. ஓப்பன் ஏபிஐக்கும் மூடின ஏபிஐக்கும் உள்ள வித்தியாசம் கடைசியில உங்க பர்ஸ்லதான் தெரியும்.

ஏற்கெனவே ஒரு பிராண்ட்ல இருக்கீங்களா? தாராளமா இருங்க. ஏன் இருக்கீங்கன்னு மட்டும் தெரிஞ்சு வெச்சிருங்க. லென்ஸுக்காகன்னா கணக்கு போடுங்க, கைக்காகன்னா பெருமையா சொல்லுங்க, ஆளுங்களுக்காகன்னா அந்த ஆளுங்களை விட்டுடாதீங்க. லோகோவுக்காக மட்டும்னா, அந்த வாட்ஸ்அப் குரூப்பைக் கொஞ்ச நாள் மியூட்ல போடுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.