மணிலாக்கொட்டையும் கடல் வியாபாரமும்
(மண்டகப்பட்டு வாலிபர்கள் கூட்டத்தில் பேசியது)



இந்த ஊர் வாலிபர்கள் சிலர், தாங்கள் விளைவிக்கும் மணிலாக்கொட்டையைத் தாங்களே வெளிதேசங்களுக்கு அனுப்பி வியாபாரம் செய்ய எண்ணியிருப்பதாகவும், அதைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டுமென்றும் நம்மைக் கேட்டார்கள். நாம் பெரிய வியாபாரியல்ல. பள்ளிப் படிப்பும் அதிகமில்லை. கண்டதையும் கேட்டதையும் படித்ததையும் வைத்து நமக்குப் பட்டதைச் சொல்லுகின்றோம். நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக நம்ப வேண்டியதில்லை. உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மூன்று ஆட்சேபணை சொன்னார்களாம். கடல் வியாபாரம் நமக்குப் புதிது என்பது ஒன்று. வியாபாரம் அதற்கென்று பிறந்த சாதிக்குத்தான் வரும் என்பது மற்றொன்று. ஜாதகம் பார்த்து நல்ல நாளில்தான் துவக்க வேண்டும் என்பது மூன்றாவது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். புதிது என்பது மெய்தானா? மணிலாக்கொட்டை, மல்லாக்கொட்டை, மல்லாட்டை என்றெல்லாம் நம் பக்கத்தில் வழங்கும் பெயரே பிலிப்பைன் தீவின் பட்டணத்துப் பெயரல்லவா? அந்தச் செடியின் பிறப்பிடமோ தென் அமெரிக்கா. வந்ததே கடல் வழி. போனதும் கடல் வழிதான். 19-ஆம் நூற்றாண்டிலேயே தென்னார்க்காட்டு மணிலா புதுச்சேரியில் கப்பலேறி, பிரான்சில் மார்சேல் துறைமுகம் சேர்ந்து, அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆயிற்று. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் போட்டார்கள். மணிலா மூட்டைகளும் அதில் போயின. இன்னும் பின்னே போனால், புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் என்பவர் தோண்டியபோது ரோமாபுரியின் மதுச்சாடிகள் கிடைத்தன. கடல் தாண்டுவது பாவமென்று தர்மசாஸ்திரத்தில் எழுதிவைத்துவிட்டதால், ஏதோ நமக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் நினைத்துக்கொண்டிருக்கின்றோம்.

ஆகவே உங்கள் பாட்டன் காலத்திலேயே நீங்கள் கடல் வியாபாரத்தில் இருந்தவர்கள்தாம். ஒரே ஒரு வித்தியாசம். விளைத்தவன் நீங்கள், மூட்டைமேல் பெயர் போட்டவன் வேறொருவன்.

உங்கள் ஊர்க் குகைக்கோயிலைப் பாருங்கள். 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் வெட்டுவித்தது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இதை ஆக்கினேன் என்று ராஜா கல்லில் எழுதிவைத்திருக்கிறார். அதைப் படிக்கிறவர்கள் ஆகா என்கிறார்கள். நாம் கேட்பது என்னவென்றால், உளி பிடித்தவன் பெயர் எங்கே? அது அந்தக் கல்வெட்டில் இல்லை. மணிலா மூட்டைக்கும் அந்தக் கல்வெட்டுக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசமில்லை.

இரண்டாவது, சாதி விஷயம். ஏற்றுமதி செய்ய முதலில் வேண்டியது, வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் கொடுக்கும் ஏற்றுமதி இறக்குமதி எண். அதற்குக் கட்டணம் 500 ரூபாய். கேட்பது வருமானவரி பான் எண்ணும், பாங்கிக் கணக்கும், விலாசமும். கோத்திரம் என்னவென்று அந்த விண்ணப்பத்தில் ஒரு கட்டமும் இல்லை. சர்க்கார் கேட்காததை நீங்கள் ஏன் உங்களையே கேட்டுக்கொள்ளுகின்றீர்கள்?

ஆனால் தோழர்களே, இதனால் வியாபாரம் சுலபம் என்று நாம் சொல்ல வரவில்லை. இரண்டு ஆபத்துகளைச் சொல்லாமல் போனால் நாம் உங்களுக்குத் துரோகம் செய்தவராவோம்.

முதல் ஆபத்து தண்ணீர். அந்தக் காலத்தில் கையால் தோல் உடைப்பது எளிதாகட்டும் என்று காயை நனைத்து உடைத்தார்கள். கப்பலில் பல நாள் கிடந்த பருப்பு சிக்கலடித்து மார்சேல் போய்ச் சேர்ந்தது. நம் சரக்குக்குக் கெட்ட பெயர் வந்து விலை குறைந்தது. இன்றைக்கும் பருப்பு நொறுங்காமலிருக்க நனைத்து உடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஈரத்தில் ஒருவகைப் பூஞ்சை பிடிக்கிறது. அது உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்ஸின் என்று பெயர். 1960-இல் இங்கிலாந்தில் கெட்ட மணிலாப் பிண்ணாக்கைத் தின்று லட்சம் வான்கோழிகள்வரை செத்த பிறகுதான் உலகம் அதைக் கண்டுபிடித்தது. அது மனிதன் ஈரலில் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. நேரே தின்னும் பருப்பில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் அய்ரோப்பிய நாடுகள் ஏற்பதில்லை.

இப்பொழுது நம் மணிலாவை அதிகமாக வாங்குவது இந்தோனேசியா, வியட்நாம், மலேசியா, பிலிப்பைன்ஸ் முதலிய, புதிதாகத் தலையெடுத்துவரும் நாடுகள். எந்த ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு வந்ததோ அந்த மணிலாவுக்கே நாம் மணிலா அனுப்புகின்றோம்! ஆனால் அவர்கள் ஏழை நாட்டார், எதையும் வாங்குவார்கள் என்று எண்ணாதீர்கள். 2015-இல் வியட்நாம், வண்டு இருந்ததென்று நம் கடலையை நிறுத்தியது. 2025 செப்டம்பரில் இந்தோனேசியா, அஃப்ளாடாக்ஸின் அதிகமென்று நிறுத்திவைத்தது. யாரோ சிலர் நனைத்த காய்க்காக எல்லோர் சரக்கும் நின்றது. ஆகவே காயை ஈரம் 8 சதத்துக்குக் கீழ் வரும்வரை உலர்த்துவதும், நனைக்காமல் உடைப்பதும், சரக்கை ஏற்றுமுன் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புவதும்தான் இந்த வியாபாரத்தின் அஸ்திவாரம்.

இரண்டாவது ஆபத்து கடன். நமக்குத் தெரிந்த ஒரு வாலிபர் நல்ல உழைப்பாளி. டெலிபோனில் வந்த செய்தியை நம்பி, முன்பின் அறியாத ஒரு வெளிதேசத்து வியாபாரிக்கு ஒரு பெட்டிச் சரக்கைக் கடனாக அனுப்பினார். சரக்கு துறைமுகம் சேர்ந்த பிறகு அந்த ஆசாமி தரம் குறைவென்று சொல்லி விலையைக் குறைக்கக் கேட்டான். நாள் ஏற ஏறத் துறைமுக வாடகை ஏறிற்று. கடைசியில் பாதி விலைக்கு விட்டார். வீட்டில் இரண்டு ஏக்கர் கைமாறிப்போயிற்று. இத்தனைக்கும் துவக்கும்போது ஜோசியர் குறித்த முகூர்த்தத்தில்தான் பூசை போட்டார். நஷ்டம் வந்தபின் சனி பார்க்கிறான் என்று அதே ஜோசியர் பரிகாரமும் சொன்னார். நாம் கேட்டோம்: “தம்பி, அவன் பாங்கியில் விசாரித்தாயா? எல்.சி. வாங்கினாயா? இன்ஷ்யூர் செய்தாயா?” மூன்றுக்கும் இல்லையென்றார். இதில் சனி எங்கே வந்தது?

மூன்றாவது ஆட்சேபணைக்கு இதுவே பதில். எல்.சி. என்பது, குறித்த தஸ்தாவேஜுகளைக் குறித்த தேதிக்குள் கொடுத்தால் பணம் தருவதாக வாங்குகிறவனுடைய பாங்கி எழுதித் தரும் உறுதி. அதில் உள்ள தேதிக்கு ஒரு நாள் பிந்திக் கப்பலேற்றினாலும், பெயரில் பிழையிருந்தாலும் பாங்கி மறுக்கலாம். ராகுகாலம் போகட்டும் என்று கப்பல் காத்திருக்காது. வாங்குகிறவன் பணம் கொடுக்காமல் போனால் நஷ்டத்தில் பெரும்பகுதியைத் தருவதற்கு 1957-இல் ஏற்பட்ட ஈ.சி.ஜி.சி. என்னும் சர்க்கார் கழகம் இருக்கிறது. பரிகாரம் செய்ய வேண்டுமானால் சரக்கேற்றுமுன் அங்கே போய்ச் செய்யுங்கள்.

இன்னொரு சங்கதி. ஒரே நாட்டை நம்பாதீர்கள். 1914-இல் யுத்தம் வந்தது. மார்சேலுக்குப் போகும் வியாபாரம் தடைப்பட்டது. இங்கே மணிலா விலை விழுந்தது. எங்கோ வெடித்த பீரங்கிக்கு இங்கே குடியானவன் அடிபட்டான். இரண்டு மூன்று நாட்டிலாவது ஆள் பிடித்து வையுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. 20 அடிப் பெட்டி ஒன்றுக்கு சுமார் 19 டன் பருப்பு வேண்டும். ஏக்கருக்கு ஒரு டன் காய் கண்டது என்றே வைத்துக்கொண்டாலும், உடைத்தால் பருப்பு 700 கிலோதான் தேறும். ஆகவே ஒரு பெட்டிக்கு 27 ஏக்கருக்கு மேல் வேண்டும். இங்கே இருக்கிற யாருக்காவது 27 ஏக்கர் உண்டா? தனியாக நின்றால் நீங்கள் தரகனிடம் போகத்தான் வேண்டும். ஆனால் விளைவிக்கிறவர்கள் 10 பேர் சேர்ந்தால் உற்பத்தியாளர் கம்பெனி பதிவு செய்யச் சட்டம் 2003 முதல் இடம் கொடுத்திருக்கிறது. ஊர்த் தெருவும் காலனியும் ஒரே கம்பெனியில் சேர வேண்டும். எந்தத் தெருக்காரன் காய் நனைந்திருந்தாலும் மொத்தப் பெட்டியும் திரும்பும். எல்லோரும் உலர்த்தினால் லாபமும் எல்லோருக்கும். களைபறித்த பெண்களுக்கும் அதில் பங்கும் பேச்சும் இருக்க வேண்டும். இல்லையேல் பழைய தரகன் போய்ப் புதிய தரகன் வந்ததாகத்தான் முடியும்.

பக்கத்துத் திண்டிவனத்தில் உண்டாக்கிய டி.எம்.வி. ரக விதை இந்தியா முழுதும் போய் முளைத்திருக்கிறது. விதைக்கு ஊர்ப் பெயர் இருக்கிறது. விளைத்தவனுக்கு எப்போது பெயர் வரும் என்பதுதான் கேள்வி. அடுத்த அறுவடையில் ஒரு மூட்டைமேலாவது உங்கள் பெயர் இருக்கட்டும். அதற்குள் செய்ய வேண்டிய முதல் காரியம், நாளைக் காலையில் பத்துப் பேர் உட்கார்ந்து கணக்கெழுதுவது. நாளை என்ன கிழமை, என்ன நட்சத்திரம் என்று பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகின்றோம்.