கல்லும் சுதையும் கற்பித்த பாடம்

(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் வேளாங்கண்ணிக்கோ ஓரியூருக்கோ திருயாத்திரை போகாமல், மண்டபமும் அரண்மனையும் பார்க்கப் போவதேன் என்று நம்மில் சிலர் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு இன்று விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அன்று காலைத் திருப்பலி முடிந்ததும் முதலில் நம் வாசலிலேயே இருக்கும் அழகர்கோவிலுக்குச் சென்றோம். கல்யாண மண்டபத் தூண்களின் முன் வழிகாட்டி நம்மை நிறுத்தினார். நாயக்கர் காலத்துச் சிற்பிகள் கருங்கல்லில் நரம்பையும் நகத்தையும் காட்டியிருக்கிறார்கள். பிற சமயத்தாரின் நன்மையையும் உண்மையையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. அத்தூண்களை நாம் வழிபடவில்லை. உழைத்த கைகளுக்கு மரியாதை செய்தோம்.

அடுத்து தமுக்கம். ராணி மங்கம்மாள் பெயரோடு விளங்கும் அந்த மாளிகையில் 1959-இல் பண்டித நேரு திறந்து வைத்த காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. மகாத்மா சுடப்பட்ட நாளில் அணிந்திருந்த, இரத்தக்கறை படிந்த துணியின் முன் நம் பிள்ளைகள்கூட மௌனமாயினர். சந்தையில் அந்தத் துணிக்கு என்ன விலை கிடைக்கும்?

பிறகு திருமலை நாயக்கர் மகால். 1636-இல் எழுந்தது. இதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், 1606-இல், தத்துவ போதக சுவாமிகள் மதுரைக்கு வந்து சேர்ந்தார். செங்கல்லும் சுண்ணாம்பும் சுதையும் கொண்டு எழுப்பிய தூண்களையும், சொர்க்க விலாசத்தின் குவிமாடத்தையும் அண்ணாந்து பார்த்தோம். "நீங்கள் காண்பது பழைய மகாலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான்" என்றார் வழிகாட்டி. பகைவர் இடித்தார்களோ என்று கேட்டோம். இல்லை; மன்னரின் பேரன் சொக்கநாத நாயக்கரே பல பகுதிகளைப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டு போனாராம். மிஞ்சியதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில ஆளுநர் நேப்பியர் பிரபு பழுது பார்த்தார். பேரன் பெயர்த்ததை அந்நியர் காத்தார்!

அந்தச் சொல் நம் நெஞ்சைத் தைத்தது. ஏனென்று சொல்லத்தான் வேண்டும். நம் கோவிலின் பழைய மரப் பீடம், திருப்பலி மக்களை நோக்கி நிறைவேற்றப்படத் தொடங்கியபின், பின்கட்டில் கரையான் ஏறிக் கிடக்கிறது. யூபிலிக்கு வெள்ளையடிக்கையில் அதை விறகு விலைக்குத் தள்ளிவிடலாம் என்று பேச்சு வந்தது. அதற்குத் தலையசைத்தவர்களில் நாமும் ஒருவர். நம் பாட்டன்மார் பட்டினியோடு காசு சேர்த்துச் செய்த பீடம் அது. உங்களில் பலருடைய பெற்றோர் மாலை மாற்றியது அதன் முன்னால்தான்.

மாலையில் கீழவெளி வீதியில் தூய வியாகுல அன்னை பேராலயத்தில் செபமாலை சொன்னோம். இரட்டைக் கோபுரத்தோடு உயர்ந்து நிற்கும் அதுவும் 1841-இல் சிறு கோவிலாகத் தொடங்கியதுதான். அங்கே முழந்தாளிட்டபோதே மனம் மாறினோம்.

ஆகவே, அன்பர்களே, அந்தப் பீடத்தை விற்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறோம். தச்சு வேலை தெரிந்தவர்கள் நம் பங்கிலேயே இருக்கிறார்கள். கரையானைப் போக்கி, பழுது நீக்கி, நற்கருணைப் பேழைக்கு ஆசனமாய் மீண்டும் கோவிலுள் வைப்போம். ஆளுக்கு ஒரு நாள் உழைப்புத் தந்தால் போதும்.

நம் பேரப்பிள்ளைகளிடம் எவரும், "உங்கள் முன்னோர் பெயர்த்து விற்றார்கள்" என்று சொல்லும்படி ஆகாதிருக்கட்டும். வியாகுல அன்னை நமக்காக வேண்டிக்கொள்வாராக. ஆமென்.