ஓடையோரத்து அரெங்கா
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நமது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் கீழே ஓடும் மகாவலி கங்கையை நாம் நாள்தோறும் பார்க்கின்றோம். ஹோட்டன் சமவெளியிலும் அதனைச் சூழ்ந்த மலைகளிலும் பிறக்கும் சிற்றோடைகள் பல கூடியே அது பேராறாகின்றது. அம்மலைகளின் ஓடைக்கரையிலே, மரநிழல் அடர்ந்த இடங்களிலே, உலகில் வேறெங்கும் இல்லாத பறவை ஒன்று வாழ்கின்றது. நமக்கு வடகிழக்கேயுள்ள நக்கிள்ஸ் மலைத்தொடரிலும் அது உண்டு. அதனைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறவே உங்கள் முன் நிற்கின்றேன்.

தமிழகத்து மலைகளில் வாழும் இதன் உறவினத்தைச் சீகாரப் பூங்குருவி என்பர். நம் நாட்டுப் பறவை ஆர்வலர் இதனை அரெங்கா என்று அழைக்கின்றனர். 1872ஆம் ஆண்டில் ஹோல்ட்ஸ்வொர்த் என்னும் ஆங்கிலேயர் இதனை அறிவியல் உலகுக்கு அறிமுகஞ் செய்து, பிளை என்ற கோப்பித் தோட்டத்துரையின் பெயரை இதற்குச் சூட்டினார். நீளம் ஏறக்குறைய எட்டு அங்குலம். ஆண் கருநிறம், தோளிலே பளபளக்கும் நீலம். பெண் கபில நிறம். விடியலிலும் அந்தியிலும் ஓடையின் இரைச்சலையும் ஊடறுத்துக் கொண்டு அதன் கூரிய சீழ்க்கை கேட்கும். பூச்சி, தவளை, பல்லி ஆகியன அதன் உணவு. நீரோரப் பாறையிடுக்கிலோ மரக்கவட்டிலோ கூடு கட்டி, ஓரிரு முட்டைகளே இடும்.

அதற்கு வேண்டியவை இரண்டே: தெளிந்த ஓடை, அதன்மேல் அடர்ந்த நிழல். இவ்விரண்டையுமே நாம் குறைத்து வருகின்றோம்.

1820ஆம் ஆண்டுகளில் தொடங்கிய கோப்பிச் செய்கைக்காக மலைக்காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. 1869இல் கோப்பியிலே இலைநோய் தோன்றியது; பின்னர் தேயிலை அதனிடத்தைப் பிடித்து இன்னும் உயரே ஏறியது. நக்கிள்ஸிலே ஏலக்காய்ச் செய்கைக்காகப் பெருமரங்களை நிற்கவிட்டு, அடியிலுள்ள இளங்கன்றுகளையும் செடிகளையும் வெட்டினர். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது காடாகவே தோன்றும். அரெங்காவுக்கோ அது வீடன்று. இன்று மரக்கறித் தோட்டங்களில் தெளிக்கும் நஞ்சு மழையோடு ஓடையில் இறங்கி, பூச்சியையும் தவளையையும் கொல்லுகின்றது. எஞ்சிய காடுகளும் துண்டு துண்டாய்ப் பிரிந்து கிடக்கின்றன. ஆகவேதான் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இப்பறவை அழியும் ஆபத்திலுள்ள இனமாக இடம்பெற்றுள்ளது.

தீவுப் பறவைக்குப் புகலிடம் வேறில்லை. மொரீசியசுத் தீவின் டோடோப் பறவை, 1598இல் ஒல்லாந்தர் அங்கு இறங்கிய பின் நூறாண்டுக்குள் மறைந்தொழிந்தது. அதனை இனி எந்நாட்டிலிருந்து கொண்டுவருவது?

"பசித்தவனிடம் பறவையைப் பற்றிப் பேசலாமா?" என்று பெரியோர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. காட்டை அழித்த கைகளுள் நம் முன்னோரின் கைகளும் இருந்தன. ஆனால் கட்டளையும் இலாபமும் அவர்களுடையன அல்ல. இன்றும் விறகுக்காகக் காட்டோரம் செல்லும் லயன் வீட்டுத் தாயைக் குற்றஞ் சாட்டுவது அறமாகாது. அவளது அடுப்புக்கு வழி செய்யாமல் காட்டைக் காப்போம் என்பது வெறும் பேச்சு. ஆயினும் ஓடை நஞ்சானால் முதலில் துன்புறுபவர் யார்? பீலித் தண்ணீரையே நம்பி வாழும் அதே ஏழைகள் அல்லவா? அரெங்கா வாழும் ஓடை மனிதரையும் வாழவைக்கும் ஓடை. இரண்டும் இரு வழக்குகள் அல்ல, ஒரே வழக்கு.

சட்டம் இல்லாமலில்லை. ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் அதுவும், சிவனொளிபாதமலைக் காடும், நக்கிள்ஸும் சேர்ந்து உலக மரபுரிமையாயின. ஆனால் பல ஓடைகள் அவ்வெல்லைகளுக்கு வெளியே, தோட்டங்களுக்கும் மரக்கறிப் பாத்திகளுக்கும் நடுவே ஓடுகின்றன. அங்கே காவலர் இல்லை. நாமும் நம் உறவினருமே இருக்கின்றோம்.

இளைஞர்களே, மலையிலுள்ள உங்கள் உற்றாரிடம் மூன்று காரியங்களைச் சொல்லுங்கள். ஓடையின் இருகரையிலும் உள்ள மரஞ்செடிகளை வெட்டாது விடுக. மருந்து தெளிக்கும் கலனை ஓடையிலே கழுவாதிருக்க. வெட்டவெளியான கரையிலே நாட்டு மரக்கன்றுகளை நடுக. இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. பெரியோர்களே, விறகுக்கு மாற்றுவழி கேட்டுத் தோட்ட நிருவாகங்களோடு பேச உங்கள் சொல்லுக்கே மதிப்புண்டு. அப்பணியை நீங்கள் ஏற்கவேண்டுகின்றேன்.